அஷ்டமி முகாம்

முதல் மாதம் யாரும் வரவில்லை.
பாம்பனுக்குத் தெற்கே, மீன் ஏலக் கொட்டகையில்
மூன்று மேசை, ஒரு எடை மெசின்,
காற்றுக்குப் பறக்காமல் சங்கு வைத்த பதிவேடு.
பத்திலிருந்து ஒரு மணி வரை என்று
ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தோம்.
வந்தவை இரண்டு ஆடுகள்.
பிறகு ஒருவர் எட்டிப் பார்த்து
தேர்தலா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொம்பளைங்க எங்கே என்றதற்கு
டீக்கடை நெய்னா ஆற்றுகிற கிளாசாலேயே
கடலைக் காட்டினார்.
பார் மேலே, கண்ணாடி மாட்டிய தலைகள்.
ஒன்று முங்க ஒன்று எழும்.
வனத்துறைப் படகின் சத்தம் கேட்டால்
எல்லாமே முங்கும்.

அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்,
நீர் வத்துற நேரம் பாசி.
மிச்ச நாள்தான் அவர்கள் வீட்டில்.
டாக்டர் ஹபீப் நிஷா
எங்கள் முப்பது படுக்கை ஆஸ்பத்திரியின் சுவரில்
தினசரிக் காலண்டரைப் புரட்டி
அஷ்டமி, நவமியாகப் பார்த்து வட்டம் போட்டார்.
நல்ல காரியம் எதுவும் தொடங்காத நாளில்
நாங்கள் தொடங்கினோம்.

நம்புத்தாய் முதல் ஆள்.
கையை நீட்டினாள். விரல்தோறும் துணிச்சுற்று,
அதற்கு மேல் சைக்கிள் டியூப் வளையம்.
நாளைக்கு மறுபடி யார் கட்டுறது,
அதனால் அவிழ்ப்பதில்லையாம்.
அவிழ்த்தோம்.
ஊறி வெளுத்து, பார் கிழித்து, ஆறி,
ஆறிய இடத்திலேயே கிழிந்த பத்து விரல்.

மோதிர விரலின் ஓரம் என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள்.
குத்தினேன். வரவில்லை.
நடுவிரல். வரவில்லை.
"ரேசன் கடை மெசினும் இப்பிடித்தான்" என்றாள்,
"நான் நம்புத்தாயே இல்லைங்குது."
வரிசையே சிரித்தது.
டாக்டர் எழுந்து வந்து
கம்மல் அடகுக்குப் போன காதைப் பிடித்து
மடலில் ஒரு குத்து.
துளி வந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

பாசி கிலோவுக்கு எவ்வளவு என்று தெரியும்,
டீசல் பங்கு, குழுத் தவணை தெரியும்.
இந்த எண்ணை மட்டும்
எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியாமல்
என் முகத்தையே பார்த்தாள்.

ஆக்னஸ் சிஸ்டர் நைலான் இழையை எடுத்தார்,
பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க.
"கால்ல தூண்டில் போட்டு என்ன மீன் பிடிக்கப் போறீக?"
கண்ணை மூடுங்க, தொடும்போது சொல்லுங்க.
மூடினாள்.
சிஸ்டர் இன்னும் தொடவேயில்லை.
"ஆமா" என்றாள்.
தொட்டபோது பேசாமல் இருந்தாள்.
பெருவிரலுக்குக் கீழே
மூக்குத்திக் கல் அளவில் கருப்பாக
ஒடிந்த முள்.
எப்போது ஏறியது?
முள்ளா, எங்கே, என்று குனிந்தாள்.

இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும்.
ஐஸ் கம்பெனியில் இடம் தருகிறோம் என்றார்கள்.
உறைந்தால் மருந்து செத்துப்போகும்.
கடைசியில் நெய்னாவின் ஃபிரிட்ஜ் கதவு,
பன்னீர் சோடாவுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில்.
பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டிய குப்பிகள்:
நம்புத்தாய். சேசுமரியாள். கார்மேகம்.
நாலாவதில் நெய்னாவின் கையெழுத்து,
நெய்னாவின் பெயர்.
வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.
டீக்குக் காசு வாங்கவில்லை.

போன அஷ்டமிக்கு அவள் வரவில்லை.
தவணை நாள், கடல் வேறு கிண்ணத்துத் தண்ணிபோல்;
கிடைத்தது போதுமென்று போயிருக்கிறாள்.
பையைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்றேன்.
வத்தை வந்து தட்டியதும் இறங்காமலே
ஈரத்தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.
துடைத்தேன். முடியிலிருந்து மறுபடி உப்புத்தண்ணி சொட்டியது.
முந்தானையால் அவளே அழுத்தித் துடைத்துவிட்டு
"சீக்கிரம் குத்துங்க" என்றாள்,
"பாசி கனக்குது."

மெசின் அஞ்சிலிருந்து எண்ணத் தொடங்கியது.
வத்தையில் இருந்த நாலு பேரும்
அதோடு சேர்ந்து எண்ணினார்கள்.